தூவும் மாவு

அன்று மதியம் அந்த வீட்டில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் தொகுஜி, அறுபத்தெட்டு வயது, நகராட்சிக் குடிநீர் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி தமாயோ. மகள் மிஹோகோ, முப்பத்தாறு, அக்டோபரில் புருஷனோடு தீர்த்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். அவள் மகள் கொஹாரு, ஐந்து வயது. விருந்தாளி அராமகி, உள்ளூர் சொபா நூடுல்ஸ் சங்கத்தின் வாத்தியார்.

ஆம்புலன்ஸில் வந்தவன் கேட்டபோது மிஹோகோ இதே வரிசையில்தான் சொன்னாள். யார் என்ன சாப்பிட்டார்கள் என்று அடுத்துக் கேட்டான். நாங்கள் நாலு பேர் சொபா, குழந்தை மட்டும் கோதுமை நூடுல்ஸ் என்றாள். அவன் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். "அப்புறம் எப்படி?" என்றான்.

எப்படி என்றால் இப்படி.

கொஹாருவுக்கு சொபா ஆகாது. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்கிற மாதிரி ஆகாததில்லை. மூன்று வயதில் ஒரு கடையில் யாரோ ஊட்டிய அரைவாய் சொபாவில் உதடு வீங்கி, தொண்டை அடைத்து, விரல் நகமெல்லாம் நீலமாகிவிட்டது. கறுப்பு முக்கோண விதையை அரைத்த சாம்பல்நிற மாவு அது. அதன் தூசி போதும், அதைக் கொதிக்க வைத்த தண்ணீரின் ஆவி போதும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாள் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. அப்படி ஆனால் உடனே குத்த வேண்டிய ஊசி ஒரு மஞ்சள் பையில் சமையலறைக் கதவுக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

உலகத்தில் எத்தனையோ அப்பாக்கள் இருக்கிறார்கள். மீன் பிடிப்பவர்கள், தபால்தலை சேர்ப்பவர்கள், சும்மா இருப்பவர்கள். மிஹோகோவின் அப்பா ஆறு வருஷமாக சொபா உருட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்னாலும் அவர் சும்மா இருந்ததில்லை. மிஹோகோ பள்ளியில் படிக்கும்போது ஆற்றில் தூண்டில். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் அம்மாவும் கூழாங்கல்மேல் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்புறம் நாரைகளைப் போட்டோ எடுப்பது. அதில் குடும்பம் மூச்சுவிடக் கூடாது. அப்புறம் தொட்டியில் குட்டை மரங்கள். வளைத்தவர் அவர், தண்ணீர் ஊற்றியவள் தமாயோ, வாடியபோது திட்டு வாங்கியவளும் தமாயோ. ஒவ்வொன்றும் மூன்று நாலு வருஷம். முடிந்ததும் சாமான்கள் மாடிப்படிக்குக் கீழே போய்ச் சேரும். அவருடைய எந்தப் பொழுதுபோக்கும் தனியாக நடந்ததில்லை. எதிரில் இரண்டு பேர் உட்கார்ந்து 'ஆஹா' சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அன்று வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது.

சொபா மட்டும் முடியவில்லை. கார் நிறுத்தும் கொட்டகையைக் காலி செய்து பட்டறை ஆக்கினார். கார் வெளியில் பனியில் நின்றது. உள்ளே சிவப்பு அரக்குப் பூசிய பெரிய பிசையும் பாத்திரம், மூன்று உருளைக் கட்டைகள், முழங்கை நீளத்துக்கு ஒரு கத்தி. தினமும் காலை ஆறு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் பயிற்சி. உருட்டியதையெல்லாம் தமாயோ சாப்பிட வேண்டும். ஆறு வருஷத்தில் தமாயோ எத்தனை மைல் சொபா விழுங்கியிருப்பாள் என்று மிஹோகோ ஒரு தடவை கேட்டாள். "டோக்கியோ போயிட்டுத் திரும்பி வந்திருப்பேன்" என்றாள் தமாயோ. சிரிக்கவில்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அவள் கொஹாருவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வேறு போக்கிடம் இல்லை. ஊரில் ஒரு தொழிற்சாலையில் சாப்பாட்டு டப்பா அடைக்கும் வேலை ஜனவரி ஐந்தாம் தேதி தொடங்குவதாக இருந்தது. இரண்டு மாதச் சம்பளம் கையில் வந்தால் ஒரு அறை பிடித்துக்கொள்ளலாம். அதுவரை இந்த வீட்டில் இருந்தாக வேண்டும், குழந்தையும் மூச்சு விட்டாக வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்குமா என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே கேள்வி.

வந்த முதல் நாளே சண்டை தலையணையில் ஆரம்பித்தது. படுக்கை விரிக்கும்போது தலையணையை அமுக்கிப் பார்த்தாள். சரசரவென்று சத்தம் கேட்டது. உள்ளே முழுக்க சொபா உமி. அந்தப் பக்கத்தில் எல்லார் வீட்டுத் தலையணையும் அதுதான். அவளும் அதில்தான் வளர்ந்தாள்.

"அப்பா, வீட்ல இருக்கற உமித் தலகாணி எல்லாத்தையும் வெளிய போடணும். உங்களதும் சேத்து."

"என் தலகாணிய யாருடி திங்கப் போறா?"

"திங்க வேண்டாம். தூசி மூக்குல ஏறினாப் போதும்."

"நாப்பது வருஷமா அதுலதான் படுக்கறேன். நான் செத்தா போயிட்டேன்? எங்க காலத்துல இந்த மாதிரி ஒரு வியாதி கேள்விப்பட்டதே இல்ல."

"உங்க காலத்துல குழந்த செத்தா, ஏன் செத்துச்சுன்னு யாரு கேட்டா?"

தொகுஜி மனைவி பக்கம் திரும்பினார். தலையணையைக் கொண்டுபோய்க் குப்பையில் போடும்படி சொன்னார். மறுநாளிலிருந்து பஞ்சுத் தலையணையில் கழுத்து வலி என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தார். சாப்பிடும்போது பிடித்துக்கொண்டார். டி.வி. பார்க்கும்போது பிடித்துக்கொண்டார். மிஹோகோ அறைக்குள் இல்லாதபோது கழுத்து சரியாகவே இருந்தது.

அப்புறம் விதிகள். சொபா கொட்டகையோடு சரி. வீட்டுக்குள் வரும்முன் மேல்சட்டையைக் கொட்டகையிலேயே கழற்ற வேண்டும். முகம், கை, தலைமுடி கழுவ வேண்டும். அவர் எல்லாவற்றையும் செய்தார். சத்தம் போட்டுச் செய்தார். பின்கதவுக் குழாயடியில் தண்ணீரை அறைந்து அறைந்து முகம் கழுவிவிட்டு வாசலிலேயே நிற்பார்.

"அரண்மனைக்குள்ள வரலாமா? காவக்காரி பாத்தாச்சா? காது மடலக் காட்டவா?"

"காட்டுங்க" என்பாள் மிஹோகோ.

கொஹாருவுக்கு இந்தச் சண்டை எதுவும் எட்டவில்லை. அவளுக்குத் தாத்தாவைப் பிடிக்கும். சமையலறை ஜன்னல் வழியாகக் கொட்டகை ஜன்னல் தெரியும். இரண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, அவர் வெட்டுவதைப் பார்ப்பாள். அவரும் வேண்டுமென்றே கத்தியை வேகமாகப் போடுவார். வெட்டிய நூலை இரண்டு கையாலும் தூக்கி மீசை மாதிரி வைத்துக் காட்டுவார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவருக்கு 'ஆஹா' சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டது. அந்த ஆள் அவர் செய்ததை ஒரு வாய் சாப்பிட முடியாது என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"தாத்தா, எனக்கு எப்ப தருவீங்க?"

"உங்கம்மாவக் கேளு. இந்த வீட்டுக்கு அவதான் மேலதிகாரி."

அராமகி பழைய பஸ் டிரைவர். எழுபத்து நாலு வயது, ஒல்லி, அதிகம் பேசமாட்டார். அந்த வட்டாரத்தில் சொபா உருட்டும் ஆண்கள் எல்லாருக்கும் அவர் சொல்தான் சொல். இதற்குத் தேர்வெல்லாம் உண்டு. எல்லாரும் பார்க்க மேடையில் நின்று நாற்பது நிமிஷத்தில் பிசைந்து, உருட்டி, வெட்டி, மேசையைத் துடைத்து முடிக்க வேண்டும். தொகுஜி மூன்றாம் படித் தேர்வில் இரண்டு தடவை தோற்றிருந்தார். மூன்றாவது தடவை போக வாத்தியாரின் கடிதம் வேண்டும். கடிதம் தருவதற்கு முன்னால் வருஷக் கடைசி நாள் மதியம் வீட்டுக்கு வந்து ஒரு தட்டு சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்று அராமகி சொல்லிவிட்டார். அன்றைக்கு சொபா சாப்பிடாத வீடு அந்த மலைநாட்டில் கிடையாது. ஆனால் இது அந்தச் சாப்பாடு இல்லை, பரீட்சை.

"வாத்தியாரக் கொட்டகையில உக்கார வெக்க முடியாது" என்றார் தொகுஜி. "பெரிய ரூம்லதான் சாப்பிடுவாரு. எல்லாரும் ஒரே மேசை. என் வீட்ல என் பேத்திய அடுப்படியில தனியா உக்கார வெச்சா அவரு என்ன நெனப்பாரு?"

"அவ மூச்சு நிக்காம இருந்தா சரின்னு நெனப்பாரு."

"ஒரு நாள். ஒரே ஒரு நாள் நான் சொல்றது நடக்கட்டும். வருஷம் பூரா உன் சட்டந்தான ஓடுது."

வருஷம் பூரா இல்லை, மூன்று மாதம். மிஹோகோ அதைத் திருத்தவில்லை. ஆவி வராதபடி குளிர்ந்த சொபா. கொஹாரு மேசையின் அந்தக் கோடியில், கையகலம் திறந்த ஜன்னல் ஓரத்தில். அவளுக்குத் தனிக் கிண்ணம். இவ்வளவுக்கு அவர் இறங்கி வந்தார். அவளும் ஒத்துக்கொண்டாள். இன்னும் இரண்டு மாதம் இந்தக் கூரை வேண்டும் என்பதால் ஒத்துக்கொண்டாள். பிற்பாடு அந்தப் பழியை அவள் வேறு யார் தலையிலும் போடவில்லை.

கொஹாருவுக்கென்று உறைந்த கோதுமை நூடுல்ஸ் பாக்கெட் வாங்கி வைத்திருந்தாள். முப்பத்தொன்றாம் தேதி காலை குளிர்பெட்டியைத் திறந்த தொகுஜி அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"வாத்தியார் உக்கார்ற மேசையில பாக்கெட்டா? நான் செத்துட்டேனா?"

"அது கொஹாருவுக்கு."

"தெரியுது. அவளுக்கும் நானே உருட்டறேன். கோதுமையில. சுத்தக் கோதுமை."

"வேண்டாம்பா."

"கேளு. என்ன வேணுமோ கேளு. ஒவ்வொண்ணாக் கேளு."

அவள் கேட்டாள். எங்கே செய்வீர்கள்? சமையலறையில், கொட்டகையில் இல்லை. சொபா வேலை முடித்த கையோடா? இல்லை, குளித்துத் துணி மாற்றிக்கொண்டு. பாத்திரம்? அம்மாவின் எவர்சில்வர். பலகை, உருளை? பையிலிருந்து எடுத்துக் காட்டினார். இரண்டும் புதுசு, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. கத்தி? அம்மாவின் காய்கறிக் கத்தி. பானை, தண்ணீர், வடிதட்டு? எல்லாம் தனி. மாவு? பிரிக்காத பையை அவள் கையிலேயே கொடுத்தார். "படிச்சுப் பாரு. சத்தமாப் படி."

அவள் படித்தாள். கோதுமை என்றுதான் இருந்தது. அவர் ஒரு கேள்விக்கும் பொய் சொல்லவில்லை. புதுப் பலகை வாங்கி வந்திருக்கிறாரே என்று ஒரு நிமிஷம் அவளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அந்த ஒரு நிமிஷத்தில்தான் சரி என்று சொன்னாள்.

பதினோரு மணிக்குக் குளித்துவிட்டு வந்து அவர் கோதுமை பிசைந்தார். அராமகியின் கார் நிற்க இடம் வேண்டும் என்று தமாயோ சொல்லவே, மிஹோகோ வாசலில் பனி தள்ளப் போனாள். இருபது நிமிஷம் தள்ளினாள்.

பன்னிரண்டரைக்கு எல்லாரும் உட்கார்ந்தார்கள். பெரிய அறையில், அடியில் கணப்பு வைத்துப் போர்வை மூடிய சூட்டு மேசை. தொகுஜி நடுவில் உட்காரவில்லை, வாத்தியாருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அவர் வாயைப் பார்க்கத் தோதான பக்கத்தில் உட்கார்ந்தார். மூங்கில் தட்டில் சொபா வந்தது. அராமகி முதல் வாயைக் குழம்பில் தொடாமலே உறிஞ்சினார். மென்றார். தொகுஜியின் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது.

"போன வருஷத்துக்கு இது பரவால்ல" என்றார் அராமகி.

"பரவால்லயா வாத்தியாரே?"

"பரவால்லன்னா பரவால்லதான். அகலம் ஒரே மாதிரி இருக்கு. ஓரம் கொஞ்சம் காஞ்சிருக்கு."

தொகுஜிக்கு அது போதும். முகம் சிவந்தது. மனைவியைப் பார்த்தார். "கேட்டியா? ஆறு வருஷமா நீ ஒரு நாளாச்சும் இப்படிச் சொல்லியிருப்பியா?"

"எனக்கு அகலம் பாக்கத் தெரியாதுங்க" என்றாள் தமாயோ. "பசிச்சாச் சாப்பிடத்தான் தெரியும்."

கொஹாருவின் கிண்ணத்தில் வெள்ளை நூடுல்ஸைப் போட்டதும் தமாயோதான். குழந்தை ஒரு நூலைத் தூக்கி மூக்கடியில் மீசையாக வைத்துத் தாத்தாவிடம் காட்டியது. அவரும் ஒரு சொபா நூலைத் தூக்கிக் காட்டினார். அராமகிகூடச் சிரித்தார். கொஹாரு மீசையை உறிஞ்சி விழுங்கினாள். அடுத்தது. அடுத்தது. "தாத்தா செஞ்சது" என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

"அந்த வெள்ளைய நானும் ஒரு வாய் பாக்கட்டுமா?" என்றார் அராமகி. தமாயோ பானையில் மிச்சமிருந்ததை ஒரு சின்னத் தட்டில் வைத்தாள். அவர் தின்னுமுன் குச்சியால் தூக்கிப் பார்த்தார். ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகத் தொங்கின.

"நல்லாப் பிரியுதே. கோதுமை இப்படிப் பிரியாதே. எதத் தூவி வெட்டின?"

தொகுஜி வாயைத் திறந்தார். பெருமையாகச் சொல்லத்தான் திறந்தார். மிஹோகோ பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது, சிரிப்பு மட்டும் அதிலிருந்து மெல்லக் கழன்றது.

உருட்டிய மாவை மடித்து வெட்டும்போது ஒட்டாமல் இருக்க மேலே ஒரு மாவு தூவுவார்கள். சொபா உருட்டுகிறவர்கள் தூவுவது சொபா விதையின் நடுப்பகுதியை அரைத்த வெள்ளை மாவு. தொகுஜி அதைக் கொட்டகையில் ஒரு பச்சை டப்பாவில் வைத்திருந்தார். ஆறு வருஷமாக நாளுக்கு இரண்டு தடவை அவர் கை அந்த டப்பாவுக்குப் போயிருக்கிறது. அவருக்கு அது மாவே இல்லை. கத்தி மாதிரி, உருளை மாதிரி அதுவும் ஒரு சாமான். மாவு எது என்று மகள் கேட்டபோது கோதுமைப் பையைத்தான் நினைத்தார். பலகையில் ஒட்டியபோது பின்கதவைத் திறந்து இரண்டு எட்டு வைத்து டப்பாவை எடுத்து வந்து, கை நிறைய அள்ளித் தூவி, திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டார். வெள்ளையில் வெள்ளை தெரியவில்லை.

"ஸ்டார்ச்" என்றார் தொகுஜி. "உருளைக்கிழங்கு ஸ்டார்ச்."

"ஸ்டார்ச் போன வாரமே தீந்துபோச்சே" என்றாள் தமாயோ. அவள் குற்றமாகச் சொல்லவில்லை. அடுப்படிக் கணக்கைச் சொன்னாள்.

அராமகி ஒரு நூலை முன்பல்லில் வைத்துக் கடித்தார். கண்ணை மூடித் திறந்தார். "இது ஸ்டார்ச் இல்ல, தொகுஜி."

"அப்பா" என்றாள் மிஹோகோ. "என்ன தூவுனீங்க?"

"ஸ்டார்ச்னு சொல்றேன்ல."

"அப்பா."

"ஸ்டார்ச்தான்! என்ன, எல்லாரும் சேந்து விசாரண பண்றீங்களா? சாப்பிட உக்கார்ந்தமா, போலீஸ் ஸ்டேஷன்ல உக்கார்ந்தமா?"

"அம்மா" என்றாள் கொஹாரு. "நாக்கு அரிக்குது."

கீழுதடு ஏற்கெனவே தடித்திருந்தது. கழுத்தில் சிவப்பாகத் திட்டுத் திட்டாக ஏறிக்கொண்டிருந்தது. மிஹோகோ அதற்குமேல் அப்பாவைக் கேட்கவில்லை. மேசையைத் தாண்டிக் குதித்தாள். குழம்புக் கிண்ணம் கவிழ்ந்தது. மஞ்சள் பையை இழுத்த இழுப்பில் கதவுக் கைப்பிடியே கையோடு வந்துவிட்டது. குழந்தையைத் தரையில் சாய்த்து, காலை மடியில் அழுத்தி, கால்சட்டைக்கு மேலேயே தொடையில் ஊசியைக் குத்தினாள். ஐந்து எண்ணினாள். கொஹாரு கத்தினாள். கத்த மூச்சு இருந்தது. அது போதும் என்று தோன்றியது. அடுத்த கத்தலில் விசில் சத்தம் கலந்திருந்தது.

அராமகி எல்லா ஜன்னலையும் திறந்தார். மேசையை இரண்டு கையாலும் பின்னறைக்குத் தள்ளினார். தமாயோ போனில் விலாசம் சொல்லிக்கொண்டிருந்தாள். அராமகி காலுறையோடு பனியில் ஓடித் தெருமுனையில் போய் நின்றார், ஆம்புலன்ஸ் சந்து தவறிவிடக் கூடாதென்று. தொகுஜி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். கையில் குச்சி. குச்சியில் சொபா.

"ஒரு சிட்டிகைதான்" என்றார் யாரையும் பார்க்காமல். "வெந்துபோச்சுன்னா ஒண்ணும் ஆகாதுன்னு..."

"தெரிஞ்சா தூவுனீங்க?" என்றாள் மிஹோகோ.

"இல்ல! கை மறந்து..."

"கை மறந்துச்சு. வாயி?"

அராமகி போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார். ஸ்ட்ரெச்சரோடு வெளியே வந்த மிஹோகோ காதிலும் அது விழுந்தது. "டப்பா மாறறது எவனுக்கும் நடக்கும், தொகுஜி. கேட்டப்பச் சொல்லல பாரு. இனிமே நீ சங்கத்துக்கு வர வேண்டாம்."

ஆஸ்பத்திரியில் இன்னொரு ஊசி போட்டார்கள், மூக்கில் குழாய் வைத்தார்கள். நாலு மணிக்கு விசில் நின்றது. மூச்சடைப்பு திரும்ப வரலாம், ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். அராமகி மூன்று தடவை போன் செய்து எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். தொகுஜி ஒரு தடவை செய்தார். தமாயோதான் எடுத்தாள். மிஹோகோ பக்கத்தில் இருந்ததால் அவர் குரல் அவளுக்கும் கேட்டது.

"மேல் அலமாரியில இருந்த நல்ல சாராய பாட்டில் எங்க?"

"அரிசி டப்பாவுக்குப் பின்னாடி" என்றாள் தமாயோ.

"வாத்தியார் வீட்டுக்குப் போய்ட்டு வரேன். மன்னிப்புக் கேட்டுத்தான் ஆகணும்."

"போங்க."

அவர் வைத்துவிட்டார். தமாயோ போனை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கிண்ணத்துல போட்டது என் கை" என்றாள். "சூடா இருக்குன்னு ஊதி வேற போட்டேன்." அவ்வளவுதான் சொன்னாள்.

புத்தாண்டு மதியம் மூன்று பேரும் டாக்சியில் வந்து இறங்கினார்கள். தொகுஜி சூட்டு மேசையில் கால் நீட்டி டி.வி.யில் ஓட்டப்பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டில் பிரிக்காமல் பக்கத்தில் நின்றது. அராமகி வாங்கிக்கொள்ளவில்லை என்று அதைப் பார்த்ததும் தெரிந்தது.

அவர் திரும்பாமலே பேசினார். "வந்தாச்சா? நல்லாத்தான இருக்கா?"

கொஹாரு அம்மாவின் பின்னால் போய் நின்றாள். தாத்தாவிடம் போகவில்லை. அதை அவர் பார்த்துவிட்டார்.

"பாத்தியா, குழந்தைக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்திருக்க?"

"நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. குடுத்தது நீங்க."

"வாத்தியார் கதவே திறக்கல. ரெண்டு தடவ போனேன். ஆறு வருஷம்! ஒரு கடிதாசி, அவ்வளவுதான் பாக்கி. அவரு முன்னாடி வெச்சு அப்பனக் குற்றவாளி ஆக்கிட்ட. மெதுவா உள்ள கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

"அவ தொண்ட அடைக்கறப்ப மெதுவாவா?"

"நீதான் போய் அவர்கிட்டப் பேசணும். அப்பா ஸ்டார்ச்னு நெஜமாவே நெனச்சாருன்னு சொல்லு."

மிஹோகோ அவரைப் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. "மாட்டேன்" என்றாள்.

"அப்பக் கெளம்பு. இது என் வீடு. நான் கட்டினது. என் வீட்ல நான் முகம் கழுவிட்டு வரணும், என் தலகாணி குப்பைக்குப் போகணும், கடசீல நான் கொலகாரன். புடிக்கலன்னா பையத் தூக்கு."

மிஹோகோ மாடிக்குப் போய்ப் பையை எடுத்தாள். வேலை நாலு நாள் கழித்துத்தான். சம்பளம் அதற்கும் அப்புறம். எங்கே போவது என்று தெரியாமலே குழந்தையின் துணிகளை மடித்தாள். கீழே அம்மா நடமாடும் சத்தம் கேட்டது. அலமாரி திறந்தது. முன்வாசல் கதவில் பூட்டு விழுந்தது. பின்கதவு திறந்து மூடியது, இரண்டு தடவை, மூன்று தடவை. அப்புறம் மண்ணெண்ணெய் ஊற்றும் சத்தம்.

மிஹோகோ பையோடு இறங்கியபோது மூன்று மணி. தொகுஜி எழுந்துவிட்டார். பயிற்சி நேரம். இன்றைக்கும் போவேன் என்று காட்டுவதற்காகவே கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு சமையலறை வழியாக நடந்தார்.

"நான் போய்ப் பெசையப் போறேன். எவளும் என்னத் தடுக்க முடியாது."

"யாரு தடுத்தா?" என்றாள் தமாயோ. அவருக்கு முன்னால் போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். குளிர் உள்ளே வந்தது. கொட்டகை ஜன்னலில் வெளிச்சம் இருந்தது.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார். "மூணு தட்டு வரும். தண்ணி கொதிக்க வை."

"அங்கயே அடுப்பு இருக்கு. கொதிக்க வெச்சுக்குங்க. ஹீட்டர்ல எண்ணெ ஊத்தியிருக்கேன். போர்வையும் சட்டையும் பெஞ்சு மேல இருக்கு."

"போர்வ எதுக்கு?"

"உங்க உமித் தலகாணியும் இருக்கு. அன்னிக்கு நான் குப்பையில போடல, கொட்டகை மூலையில ஒளிச்சு வெச்சிருந்தேன். இனிமே கழுத்து வலிக்காது."

அவர் திரும்பினார். "ஏய், என்ன வெளையாடறியா? இந்தா, தமாயோ..."

மிஹோகோ கையிலிருந்த பையைத் தமாயோ வாங்கித் தரையில் வைத்தாள். அப்புறம் கதவைச் சாத்தினாள், சாவியைத் திருப்பினாள், சங்கிலியையும் மாட்டினாள்.